பயணத்தில் கேமரா பேட்டரி: பல வருடப் பயன்பாட்டில் கைவிடாதவை

கேமரா பேட்டரி வாங்கும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது அதில் அச்சிட்டிருக்கும் எம்ஏஹெச் எண்ணைத்தான், அதாவது கொள்ளளவை. பயணத்துக்கு அந்த எண் இரண்டாம்பட்சம் என்பது என் அனுபவம். பையில் பல நாள் சும்மா கிடந்த பிறகும் சார்ஜ் நிற்கிறதா, குளிரில் தாங்குகிறதா, மிச்சம் எவ்வளவு என்பதைக் கேமராவுக்குச் சரியாகச் சொல்கிறதா, இந்த மூன்றும்தான் எனக்கு முக்கியம். முதலில் டபுள்-ஏ செல் (சுவர்க் கடிகாரத்தில் போடும் சின்ன உருளை) போடும் கேனன் பவர்ஷாட் எஸ்எக்ஸ்150, அப்புறம் சோனி ஏ6000 என இரண்டு கேமராக்களுடன் ஊர் ஊராகச் சுற்றியதில் தெரிந்துகொண்டவற்றை இங்கே சொல்கிறேன்.

டபுள்-ஏ கேமராவை விற்கும்போது கடைக்காரர்கள் வழக்கமாகச் சொல்வது, "பேட்டரி தீர்ந்தா எந்தப் பெட்டிக்கடையிலயும் வாங்கிப் போட்டுக்கலாம் சார்" என்பது. பாதிதான் உண்மை. பெட்டிக்கடையில் கிடைக்கும் மலிவான கட்டைகள் பெரும்பாலும் கார்பன்-ஜிங்க் வகை. சுவர்க் கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் அவை போதும். கேமராவில் போட்டால் லென்ஸ் வெளியே வருவதற்குள்ளேயே 'பேட்டரியை மாற்றவும்' என்று திரையில் வந்துவிடும். அல்கலைன் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் அதன் உள் மின்தடை அதிகம், அதாவது மின்சாரம் வெளியேறுவதைச் செல்லே உள்ளுக்குள் தடுக்கும். ஃபிளாஷ் சார்ஜ் ஆகும்போதும் ஜூம் மோட்டார் ஓடும்போதும் கேமரா சட்டென்று நிறைய மின்சாரம் இழுக்கும். அந்த நேரத்தில் அல்கலைனின் வோல்டேஜ் சரிந்துவிடும். கேமரா உடனே செல் தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டும். அதே செல்லைக் கழற்றி ரிமோட்டில் போட்டால் மாதக்கணக்கில் ஓடும்.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்தான், அல்கலைன் 1.5 வோல்ட். எண்ணைப் பார்த்தால் முன்னது பலவீனமாகத் தெரியும். ஆனால் அதன் உள் மின்தடை குறைவு என்பதால் கடைசிவரை வோல்டேஜ் பெரிதாக இறங்காது. இந்த வகைக் கேமராக்களில் அல்கலைனைவிட இரண்டு மடங்குக்கு மேல் படம் கிடைப்பது இதனால்தான்.

இதில் ஒரு பழைய தொல்லை இருந்தது. சாதாரண ரீசார்ஜ் செல்கள் சும்மா வைத்திருந்தாலே சார்ஜை இழக்கும். ஊருக்குக் கிளம்பும்போது முழுதாக ஏற்றியது, ஒரு மாதம் கழித்து எடுத்தால் நன்றாகக் குறைந்திருக்கும். 2005 நவம்பரில் சான்யோ நிறுவனம் ஜப்பானில் எனிலூப் செல்லைக் கொண்டுவந்தபோது மாறியது இதுதான். ஒரு வருடம் கழித்தும் 85 சதவீதம் சார்ஜ் இருக்கும் என்று அப்போதே சொன்னார்கள். பிறகு சான்யோ பானசோனிக் கைக்குப் போனது. இன்று நம் ஊரில் கிடைப்பது பானசோனிக் பெயரில். வெள்ளை உறை போட்ட சாதாரண எனிலூப்பின் கொள்ளளவு சுமார் 2,000 எம்ஏஹெச். கருப்பு உறை போட்ட எனிலூப் புரோ சுமார் 2,500. கொள்ளளவு கூடுதல் என்பதால் புரோவை வாங்கத்தான் தோன்றும். ஆனால் வெள்ளை 2,100 முறை சார்ஜ் தாங்கும் என்றால், புரோவுக்கு 500 முறைதான் கணக்கு. பயணத்துக்கு நான் வெள்ளையையே சொல்வேன். என்னிடம் இருக்கும் பழைய நான்கு செல்கள் எஸ்எக்ஸ்150 ஓய்வுபெற்ற பிறகும் ஃபிளாஷில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இத்தனை வருடத்தில் ஒன்றுகூடக் கசியவில்லை. அல்கலைன் கசிந்து காண்டாக்ட் துருப்பிடித்த சாதனங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

4,700 எம்ஏஹெச் என்று அச்சிட்ட டபுள்-ஏ ரீசார்ஜ் செல்கள் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும். அப்படி ஒன்று கிடையவே கிடையாது. அந்த அளவு உருளைக்குள் இந்தத் தொழில்நுட்பத்தில் 2,800ஐத் தாண்டிப் பெரிதாக அடைக்க முடியாது. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். நல்ல செல் 26, 27 கிராம் இருக்கும். போலி கையில் எடுக்கும்போதே லேசாக இருக்கும். சார்ஜரும் முக்கியம். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனித்து, நிறைந்ததும் தானே நிறுத்தும் வகைதான் நல்லது. ஜோடியாக மட்டும் ஏற்றும் சார்ஜர், ஒன்றை நிரப்பியும் மற்றொன்றைக் குறையாகவும் விட்டு இரண்டின் ஆயுளையும் கெடுக்கும்.

சரி, ஏ6000க்கு வருவோம். 2014இல் வந்த கேமரா. இதன் என்பி-எஃப்டபிள்யூ50 என்ற லித்தியம் அயான் பேட்டரி 7.2 வோல்ட், 1,020 எம்ஏஹெச். இது போதாது என்பது எல்லோரும் சொல்லும் குறை, நானும் ஒப்புக்கொள்கிறேன். திரை வழியாக 360, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாக 310 படங்கள் என்பது நிறுவனத்தின் கணக்கு. இந்தக் கணக்கு சிபா என்ற ஜப்பானிய அமைப்பின் சோதனை முறைப்படி வருவது. 23 டிகிரி வெப்பநிலை, அரை நிமிடத்துக்கு ஒரு படம், கேமராவில் ஃபிளாஷ் இருந்தால் ஒன்றுவிட்டு ஒரு படத்துக்கு அது, அவ்வப்போது அணைத்து மீண்டும் போடுவது. நாம் அப்படியா படம் எடுக்கிறோம்? வேடந்தாங்கலில் கூழைக்கடா இறங்கும்போது பட்டனை அழுத்திப் பிடித்தால் ஒரே பேட்டரியில் இந்தக் கணக்கைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. சூரிய உதயத்துக்காகத் திரையை எரியவிட்டுக் காத்திருந்தால் 200 படத்தில் காலி. வீடியோ இன்னும் மோசம்.

அதனால் கூடுதல் பேட்டரி கட்டாயம். இங்கேதான் ஒரிஜினலா, வேறு கம்பெனியா என்ற கேள்வி வரும். இரண்டையும் நீண்ட நாள் பயன்படுத்திவிட்டேன். பெயர் பெற்ற மாற்று பேட்டரிகள் முதல் வருடம் ஒரிஜினலுக்குச் சமமாகவே ஓடின. இரண்டாவது வருடத்தில் வித்தியாசம் தெரிந்தது. ஒரிஜினல் 40, 30, 20 என்று ஒழுங்காக இறங்கும். மாற்று பேட்டரி 40 சதவீதம் என்று காட்டும், இரண்டு படம் எடுத்ததும் அணைந்துவிடும். கொள்ளளவு குறைவாக இருந்தால்கூடச் சமாளித்துக்கொள்ளலாம், தவறான கணக்கைக் காட்டும் பேட்டரியை வைத்துக்கொண்டு எதையும் திட்டமிட முடியாது. பெயரே தெரியாத ஒரு மலிவு பேட்டரி ராஜஸ்தான் வெயிலில் உப்பி, கேமராவுக்குள் மாட்டிக்கொண்டதும் உண்டு. பதறாமல் மெல்ல மெல்ல வெளியே எடுத்தேன். உப்பிய பேட்டரியைக் குத்தவோ நெம்பவோ கூடாது, தீப்பிடிக்கும்.

இப்போது என் ஏற்பாடு: இரண்டு ஒரிஜினல், அவசரத்துக்கு ஒரு நல்ல மாற்று. மூன்றிலும் வாங்கிய மாதத்தை மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன். லித்தியம் அயான் பேட்டரி பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் வயதாகும், முழு சார்ஜில் சூடான இடத்தில் வைத்தால் இன்னும் வேகமாக. பயணம் இல்லாத மாதங்களில் பாதி சார்ஜில், அலமாரியின் கீழ்த்தட்டில் வைக்கிறேன். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைப்பதே இல்லை.

லடாக்கில்தான் குளிரின் விளைவு புரிந்தது. பாங்கோங் ஏரி 4,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, விடிகாலையில் விரல் மரத்துப் போகும். வெளியே ட்ரைபாடில் நின்ற கேமராவில் பேட்டரி மளமளவென்று இறங்கியது. அதைக் கழற்றிச் சட்டையின் உள்பாக்கெட்டில் கொஞ்ச நேரம் வைத்தால் சார்ஜ் மீண்டும் ஏறிக் காட்டும். சார்ஜ் எங்கும் போகவில்லை, குளிரில் உள்ளே நடக்கும் வேதிவினைதான் மந்தமாகிவிடுகிறது. ஒன்று கேமராவில், ஒன்று உடம்புச் சூட்டில் என்று மாற்றி மாற்றிப் போட்டேன். இரவில் தூங்கும் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே மட்டும் சார்ஜ் போடவே கூடாது, பேட்டரி நிரந்தரமாகக் கெட்டுவிடும். டபுள்-ஏ கேமராவோ ஃபிளாஷோ வைத்திருப்பவர்கள் அங்கே போனால் எனர்ஜைசர் அல்டிமேட் லித்தியம் செல்லை எடுத்துப் போங்கள். ரீசார்ஜ் கிடையாது, விலையும் அதிகம். ஆனால் மைனஸ் 40 டிகிரிவரை வேலை செய்யும், எடை 15 கிராம்தான்.

அந்தப் பக்கக் கூடாரங்கள் பலவற்றில் மாலையில் சில மணி நேரம்தான் ஜெனரேட்டர் ஓடும். ஏ6000ஐ யுஎஸ்பி வழியாகக் கேமராவுக்குள்ளேயே சார்ஜ் செய்தால் ஐந்து மணி நேரம் பிடிக்கிறது, அதுவரை கேமராவும் அங்கேயே கட்டுண்டு கிடக்கும். இரண்டு பேட்டரியை ஒன்றாக ஏற்றும் யுஎஸ்பி சார்ஜரும் ஒரு பவர் பேங்க்கும்தான் என்னைக் காப்பாற்றின. ரயிலையும் நம்ப வேண்டாம். தீ விபத்துக்குப் பயந்து இரவு 11 முதல் காலை 5 வரை சார்ஜிங் பாயிண்ட்டை அணைத்து வைக்க 2021இல் ரயில்வே முடிவெடுத்தது.

விமானத்தில் உதிரி லித்தியம் பேட்டரிகளும் பவர் பேங்க்கும் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. ஒவ்வொன்றும் 100 வாட்-ஹவருக்குள் (பேட்டரியில் அடங்கும் மொத்த ஆற்றலின் அளவு) இருந்தால் தனி அனுமதி தேவையில்லை. எஃப்டபிள்யூ50 வெறும் 7.3, 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் 74. பேட்டரியின் முனைகள் சாவி, சில்லறை எதிலும் படாமல் பிளாஸ்டிக் மூடியோ சின்ன டப்பாவோ போட்டு வையுங்கள்.

வாங்கும்போது இன்னொன்று. இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிகளுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். லேபிளில் ஐஎஸ் 16046 என்றும், ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று வந்துவிடும். ஒரிஜினல் என்று சொல்லி விற்பதற்குச் சம்பந்தமே இல்லாத பிராண்ட் பெயர் வந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.