தூரத்துப் புனர்வாழ்வா, பக்கத்துக் கிளினிக்கா?

தம்பி தூள், அதாவது ஹெரோயின், பாவிக்கிறான் என்று தெரியவந்த கிழமை எங்கள் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. மாமா, 'எங்கேயாவது தூரமாக அனுப்பிவிடு' கட்சி. நான், 'ஆஸ்பத்திரி கிளினிக்கில் காட்டி வீட்டில் வைத்துப் பார்ப்போம்' கட்சி. கடைசியில் என் கட்சி வென்றது. ஆகையால் நான் நடுநிலையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் தூரத்து வழி. இலங்கையில், போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சை, புனர்வாழ்வு பற்றிய 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி ஒருவர் தானாக விரும்பியும் சிகிச்சைக்குச் சேரலாம், நீதிமன்றம் கட்டாயமாகவும் அனுப்பலாம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் நிலையங்கள் தலங்கம, நிட்டம்புவ, கண்டி, காலி என்று, வடக்கில் இருக்கும் எங்களுக்கு எல்லாமே தெற்குப் பக்கம். நீதிமன்றம் அனுப்பும் பெடியன்களின் விஷயத்தில் அதிகம் அடிபடும் பெயர் பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காடு. 2022 ஜூனில் அங்கே மோதல் நடந்து ஒருவர் இறந்ததும், நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடியதும் எல்லோரும் கேட்ட செய்தி.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கந்தக்காடு முன்னர் முன்னாள் போராளிகளை வைத்திருந்த இடம். புனர்வாழ்வு என்ற சொல் 2009இல் போர் முடிந்த பிறகு இங்கே என்ன பாரத்தோடு புழங்கியது என்பது கொழும்பில் திட்டம் எழுதுகிறவர்களுக்கு உறைக்குமா தெரியவில்லை. மாமா அந்தச் சொல்லைச் சொன்னதும் அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தார். "புனர்வாழ்வோ? உந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு வயித்தைக் கலக்குது. போன பிள்ளையளைப் பாத்தனாங்கள் தானே." அதற்குப் பிறகு மாமா வாய் திறக்கவில்லை.

தூரத்து வழியில் நன்மை இல்லாமலில்லை. விற்கிறவன் கிட்ட வரமாட்டான், போன் கையில் இராது, வீட்டுக்காரர் சில மாதம் நிம்மதியாகத் தூங்கலாம். மொழிதான் இடித்தது. நாங்கள் விசாரித்த ஓர் இடத்தில், தமிழில் ஆலோசனை சொல்ல ஆள் உண்டா என்று கேட்டதற்கு, "பெடியனுக்குக் கொஞ்சம் சிங்களம் விளங்குந்தானே" என்று பதில் வந்தது. பாண் வாங்கக் கொஞ்சச் சிங்களம் போதும். மனதில் கிடப்பதைச் சொல்ல அது காணுமா?

காசு கட்டிச் சேர்க்கும் தனியார் இல்லங்களும் இருக்கின்றன. மேசன் வேலைக்காரக் குடும்பத்துக்கு அது சரிவராது, விட்டுவிட்டோம்.

சரி, கிளினிக். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் வைத்தியத்துக்குக் காசில்லை. செலவு வேறு பக்கத்தால் வரும். கிளினிக் நாள் செவ்வாய். காலையில் 750 பஸ்ஸைப் பிடித்துப் போய், துண்டு எடுத்து, வரிசையில் இருந்து, மருந்தும் வாங்கி வர மத்தியானம் தாண்டிவிடும். அன்றைய நாட்கூலி போய்விடும், கூடப் போகிற எனக்கும்தான். இலவசம் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

தூளை நிறுத்திய முதல் கிழமையைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். ஹெரோயின் என்றால் இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம். மூக்கு ஒழுகும், வயிற்றோட்டம் போகும், உடம்பு முறித்துப் போட்டது போல உளையும். சித்திரை வெயிலில் தம்பி சுவெட்டர் போட்டுப் போர்த்துக்கொண்டு நடுங்கினான். நான் வாசலுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்தேன். அம்மா கஞ்சியும் சீனித் தேத்தண்ணியுமாக ஓடித் திரிந்தார். ஹெரோயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் மெதடோன், புப்ரெனோர்பின் என்ற மருந்துகள் இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. தம்பிக்குக் கிடைத்தவை உளைவுக்கும் நித்திரைக்குமான மாத்திரைகள்தான். எப்படியோ ஒரு கிழமையில் எழுந்து உட்கார்ந்து புட்டுக் கேட்டான்.

எங்கே அனுப்பினாலும் இந்த ஒரு கிழமை தாண்டத்தான் செய்யும். எனக்கு முடிவைத் தந்தது அதற்குப் பிந்திய காலம். தூரத்திலிருந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ கழித்துத் திரும்பும் பெடியன் பஸ்ஸால் இறங்குவது அதே சந்தியில். அதே கூட்டாளிகள், கையில் வேலையில்லை, ஊர் முழுக்க அவன் எங்கே போய் வந்தான் என்று தெரியும். அவனை விடுவித்த இடத்துக்கும் அவனுக்கும் இடையில் ஒரு நாள் பஸ் ஓட்டம். அடுத்த திங்கட்கிழமை அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்க யாருக்கும் கடமையில்லை.

இதில் உயிராபத்தும் இருக்கிறது. மாதக்கணக்காக விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது. வந்தவன் ஒரு நாள் மனம் தளர்ந்து முன்னர் எடுத்த அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். திரும்பி வந்த முதல் கிழமைகள்தான் அதற்கு மிக மோசமான காலம். ஒரு பிழை விடுகிற நாளில் பக்கத்தில் ஆள் வேண்டும். வீட்டில் வைத்து நிறுத்துகிறவனுக்கும் இதே ஆபத்து உண்டு. ஆனால் அவனைத் தெரிந்த ஆட்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள்.

தம்பியும் பிழை விட்டான். ஐந்தாம் மாதம், ஒரு சனிக்கிழமை. மேசன் பாஸ் கிழமைச் சம்பளம் கொடுப்பது சனி பின்னேரம். காசும் கையும் சந்திக்கிற நேரம் அது. அடுத்த செவ்வாய் அவன் கிளினிக்குக்குப் போகவில்லை, எனக்கும் சொல்லவில்லை. புதன் காலை தாதி ஒருவர் என் போனுக்கு எடுத்தார். "தம்பி நேத்து வரேல்லை, சுகமில்லையோ? ஏச மாட்டம், வரச் சொல்லுங்கோ." கொப்பியில் பெயர் வெட்டப்படவில்லை, பொலிசுக்கும் போகவில்லை. வியாழன் கூட்டிக்கொண்டு போனேன். அதன் பிறகு பாஸோடு கதைத்து, சம்பளத்தைக் கிழமை நடுவில் அம்மாவின் கையில் கொடுக்கும்படி மாற்றினோம். பாஸ் முகம் சுளிக்கவில்லை. அவருடைய மச்சானும் இப்படித்தானாம்.

அந்தத் தொலைபேசி அழைப்பு யாருடைய வேலை விவரணத்திலும் இல்லை. அந்தத் தாதி நல்லவர், அவ்வளவுதான். நல்ல மனுசரை நம்பி ஒரு கொள்கை ஓடக்கூடாது. இன்னொரு முகாம் கட்டும் காசில், பிரதேச செயலகப் பிரிவுக்கு ஒருவராக வீடு வீடாகப் போகிற, தமிழ் கதைக்கிற ஆட்களைப் போடலாம். சனசமூக நிலையத்தில் மாதம் ஒரு மாலைக் கிளினிக் வைத்தால் கூலிக்குப் போகிறவனும் வருவான். பயமும் குறைய வேண்டும். 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான பொலிசின் 'யுக்திய' தேடுதல்கள் தொடங்கிய காலத்தில் வரிசையில் இருந்தவர்களின் பேச்சு மருந்தைப் பற்றி இருக்கவில்லை, "பெயர் பொலிசுக்குப் போகுமோ" என்பதுதான். கட்டாயத் தடுப்பு மையங்களை மூடி, ஊரோடு சேர்ந்த விருப்பச் சிகிச்சைக்கு மாறும்படி ஐ.நா. அமைப்புகள் 12 சேர்ந்து 2012 மார்ச்சிலேயே கேட்டிருந்தன.

என் அனுபவம் ஹெரோயினோடு மட்டும். ஐஸ் (மெத்தம்பெட்டமின்) வேறு கதை. அதை விடுவிக்கவென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை, பேச்சும் பழக்கப் பயிற்சியும்தான் வழி. சந்தேகம் முற்றிக் கத்தி தூக்குகிற நிலையில் ஒருவரை வீட்டில் வைத்துப் பார் என்று நான் சொல்லமாட்டேன், வாட்டில்தான் சேர்க்க வேண்டும். தம்பிக்கும் இப்போது பதினாறு மாதம்தான். வெற்றி என்று சொல்ல வாய் கூசுகிறது.

இன்னொன்று, எங்கள் வழிக்கு ஒரு வீடு வேண்டும், வாசலில் படுக்க ஓர் ஆள் வேண்டும். போன மாதம் பக்கத்து ஒழுங்கைப் பெண் ஒருவர் இருட்டின பிறகு வந்தார். புருசன் மறியலில், இரண்டு சின்னப் பிள்ளைகள், பாவிக்கிறது அவர்தான். நாங்கள் கேட்டுப் பார்த்த தங்கும் இடம் எதிலும் பிள்ளைகளோடு பெண்ணைச் சேர்ப்பதில்லை. கிளினிக்குக்குப் போனால் ஊர் பார்த்துவிடும் என்கிறார். கட்டுப்பாட்டுச் சபையின் உதவித் தொலைபேசி எண் 1927ஐ எழுதிக் கொடுத்தேன், செவ்வாய்க்கிழமை அம்மா பிள்ளைகளை வைத்திருப்பார் என்றும் சொன்னேன். போன செவ்வாய் வரவில்லை. இந்தச் செவ்வாய்க்கு முதல் பஸ்ஸில் போனால் தெரிந்த ஆட்கள் குறைவு என்று அம்மா போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.