மண்டபத்தில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்: 2,500 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கிடந்தால் எனக்கும் கரையில்தான் இருப்பு. சாயங்காலம் சும்மா இருப்பானேன் என்று ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் சேர்ந்தேன். 'முப்பது நாளில் சரளம்' என்று சுவரொட்டி. பீஸ் 2,500.

முதலில் குறை. இருபத்தெட்டு பேருக்கு ஒரே ஃபேன். ஆளுக்குப் பேசக் கிடைப்பது இரண்டு நிமிஷம். 'இடியம் 100' என்று ஒரு ஜெராக்ஸ் கட்டு கொடுத்தார்கள், எல்லாவற்றுக்கும் ஒற்றை வரி அர்த்தம். 'ஹூக், லைன் அண்ட் சிங்கர்' என்பதற்கு 'முழுமையாக' என்று மட்டும் போட்டிருந்தது. அதை நம்பி, பிரியாணியை ஹூக், லைன் அண்ட் சிங்கர் சாப்பிட்டேன் என்று எழுந்து நின்று சொன்னேன். சார் சிரிக்கவில்லை, நல்ல மனுஷன்.

சோற்றுக்கெல்லாம் அது வராதாம். புளுகைத் துளியும் சந்தேகப்படாமல் நம்பி ஏமாறுகிறவனுக்குத்தான். 'ஃபெல் ஃபார் இட்', 'ஸ்வாலோட் இட்' இவற்றின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். தூண்டிலின் முள் (ஹூக்), நரம்பு (லைன்), ஈயம் (சிங்கர்) மூன்றையும் சேர்த்து விழுங்கிய மீன் மாதிரி.

வீட்டில் சொன்னேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வள்ளத்தில் தூண்டில் போடுகிறவர். "ஈயம் அடியில தரையில கெடக்கும். முள்ளு அதுக்கு மேல கிளை நரம்புல தொங்கும். வெளமீனு முள்ளைத்தான் கவ்வும், ஈயத்தை எதுக்குடா முழுங்கப் போகுது?"

மறுநாள் அவர் தூண்டிலையே எடுத்துப் போய்ச் சாரிடம் காட்டினேன். சார் பலகையில் வேறு தூண்டில் வரைந்தார். நுனியில் முள், பிறகு நரம்பு, ஒரு முழம் தள்ளி ஈயம். அப்படிக் கட்டினால் ஆலாய்ப் பறக்கும் மீன் முள்ளை விழுங்கி, நரம்பையும் உள்ளே இழுத்து, ஈயம் வரைக்கும் போய்விடும். வார்த்தை வரிசையே அதுதான். அந்த அரை மணி நேரம் ஒருத்தரும் போனைத் தொடவில்லை. பாதிப் பேர் கடல்காரப் பிள்ளைகள். மற்ற தொண்ணூற்றொன்பதையும் இப்படி நடத்தியிருந்தால் 5,000 கேட்டாலும் கொடுக்கலாம்.

சரளமா? பாம்பன் பாலத்தில் நின்ற டூரிஸ்ட் ஒருவருக்கு வழி சொன்னேன், புரிந்துகொண்டார். அவ்வளவுதான். சுவரொட்டி விஷயத்தில் ஈயம் வரைக்கும் விழுங்கியது நான்தான். சேருகிறவர்கள் காலை பேட்ச் கேளுங்கள், கூட்டம் குறைவு.

அப்புறம், அப்பாவின் தூண்டில் இன்னும் திரும்பி வரவில்லை. அடுத்த பேட்ச்சுக்கு வேண்டுமாம்.