ஜாங்கோ ஆப்புக்கு ஒயிட்நாய்ஸ் போதுமா? என்னோட ரிவியூ

ஜாங்கோல (பைத்தான்ல வெப் ஆப் பண்ற ஃப்ரேம்வொர்க்) முதல் ஆப் பண்றவங்க முக்கால்வாசி பேர் வந்து நிக்கிற இடம் இது. லோக்கல்ல எல்லாம் பளிச்னு ஓடும், சர்வர்ல ஏத்தி டீபக்க (டெவலப்மென்ட் நேரத்து மோட்) ஆஃப் பண்ண உடனே சிஎஸ்எஸ், படம் எல்லாம் 404, அட்மின் பேஜ் வெறும் எழுத்தா நிக்கும். இது பக் இல்லீங்க. ஜாங்கோ கூடவே வர்ற ரன்சர்வர் டெவலப்மென்ட்டுக்காக மட்டும்தான் அந்த ஸ்டேடிக் ஃைல்கள (சிஎஸ்எஸ், படம் மாதிரி மாறாத ஃபைல்கள்) குடுக்குது, ப்ரொடக்ஷனுக்கு, அதாவது நிஜ யூசர்கள் வர்ற சர்வருக்கு, இது ஆகாது, மெதுவு, பாதுகாப்பும் சந்தேகம்னு ஜாங்கோ டாக்குமென்டேஷன்லயே தெளிவா இருக்கு. முன்னாடி என்ஜின்எக்ஸ்னு ஒரு வெப் சர்வர் வைக்கலாம், இல்லன்னா அமேசானோட எஸ்3 ஸ்டோரேஜ்ல போடலாம், ஆனா நாலு சிஎஸ்எஸ்சும் ஒரு லோகோவும் இருக்குற ஆப்புக்கு எதுக்கு அவ்ளோ வேலை?

டேவிட் எவன்ஸ் எழுதின ஒயிட்நாய்ஸ்ங்கற பைத்தான் பேக்கேஜ் இங்கதான் கை குடுக்குது, ஸ்டேடிக் ஃபைல்கள உங்க ஆப்பே நேரா குடுக்க வைக்கும். ஃப்ரீ, ஓப்பன் சோர்ஸ். பிப்ல இன்ஸ்டால் பண்ணி, செட்டிங்ஸ்ல மிடில்வேர் லிஸ்ட்ல (ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் தாண்டி போற அடுக்குகள்) செக்யூரிட்டி மிடில்வேருக்கு நேர் கீழ ஒரு வரி சேர்த்து, ஸ்டேடிக் ரூட்னு ஒரு ஃபோல்டர் குடுத்து, எல்லா ஸ்டேடிக் ஃபைலையும் அதுல சேர்க்குற கலெக்ட்ஸ்டேடிக் கமாண்ட ஓட்டினா, ஆப்ப ஓட்டுற குனிகார்ன் சர்வர்லயே எல்லாம் வந்துடும். மிடில்வேர் வரிசை முக்கியம், கீழ எங்கயோ போட்டுடாதீங்க.

எனக்கு ரொம்ப புடிச்சது இதோட கம்ப்ரஸ்டு மேனிஃபெஸ்ட் ஸ்டோரேஜ்தான். கலெக்ட்ஸ்டேடிக் ஓடும்போது ஒவ்வொரு ஃபைலோட உள்ளடக்கத்த வச்சு 12 எழுத்து ஹேஷ் (உள்ளடக்கத்தோட கைரேகை மாதிரி) எடுத்து பேர்லயே சேர்த்துடும், அந்த பேர்ல வர்ற ஃபைலுக்கு 10 வருஷத்துக்கு கேஷ் ஹெடரும் அனுப்பும், அதனால பிரவுசர் ஒரு தடவ எடுத்தா திரும்ப கேக்கவே கேக்காது, நீங்க சிஎஸ்எஸ்ல ஒரு கலர் மாத்தினாலும் ஹேஷ் மாறி பேர் மாறி புதுசு தானா வந்துடும். கிளையன்ட்டுக்கு போன் பண்ணி "சார், கண்ட்ரோல் எஃப்5 அடிச்சு பாருங்க"ன்னு சொல்ற வேலையே இல்ல. ஃபைல சுருக்குற ஜிசிப்பும் அப்பவே பண்ணி வச்சிடும், ப்ராட்லின்னு இன்னொரு சுருக்கு முறைக்கான பேக்கேஜ் சேர்த்தா அதுவும் உண்டு, ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் சிபியு செலவு கிடையாது.

"பைத்தான் போய் ஃபைல் சர்வ் பண்றதா"ன்னு சிலர் முகம் சுளிப்பாங்க. குனிகார்ன் மாதிரி சர்வர்ல ஃபைல அனுப்புற வேலைய ஆபரேட்டிங் சிஸ்டம் கெர்னலோட சென்ட்ஃபைல் வசதிகிட்ட விட்டுடும், பைத்தான் பெருசா தொடுறதே இல்ல. டிராஃபிக் ஜாஸ்தின்னா முன்னாடி ஒரு சிடிஎன் (ஃபைல்களோட காப்பிய பல ஊர்ல வச்சு குடுக்குற சேவை) வைங்க, ஹெடர் எல்லாம் சரியா இருக்குறதால உங்க சர்வருக்கு ரிக்வெஸ்ட் அபூர்வமாதான் வரும்.

கஷ்டமும் இருக்கு. மேனிஃபெஸ்ட் (எந்த ஃபைலுக்கு எந்த ஹேஷ் பேர்னு இருக்குற லிஸ்ட்) ரொம்ப கறார். டெம்ப்ளேட்ல இல்லாத படத்தோட பேர் இருந்தா டீபக்ல கம்முனு போயிடும், ப்ரொடக்ஷன்ல அந்த பேஜே 500 எரர். சிஎஸ்எஸ் உள்ள இல்லாத ஃபான்ட்ட கூப்பிட்டா கலெக்ட்ஸ்டேடிக்கே நின்னுடும். ஜாங்கோ 4.0ல இருந்து சோர்ஸ் மேப்பையும் (சுருக்கின கோட ஒரிஜினல் கோடோட இணைக்குற ஃபைல்) பாக்குறதால, மேப் ஃபைல் இல்லாம வர்ற வெளி லைப்ரரி எல்லாம் தலைவலி. டெஸ்ட் ஓட்டும்போதும் கலெக்ட்ஸ்டேடிக் பண்ணலன்னா எரர்தான், அதுக்கு டெஸ்ட் செட்டிங்ஸ்ல சாதா ஸ்டோரேஜ் வச்சுக்கோங்க. ஆனாலும் இந்த கறாருக்கு என் ஓட்டு உண்டு, சிஎஸ்எஸ்ல உடைஞ்ச லிங்க்காவது யூசர் கண்ணுல படறதுக்கு முன்னாடி டிப்ளாய்லயே மாட்டுறது நல்லதுதானே.

யூசர் அப்லோட் பண்ற மீடியா ஃபைலுக்கு மட்டும் இத நம்பாதீங்க. ஆப் ஸ்டார்ட் ஆகும்போது இருக்குற ஃபைல்களத்தான் இது லிஸ்ட் எடுக்கும், அப்புறம் வந்தது அதுக்கு தெரியாது, வெளியாள் ஏத்துற ஃபைல ஆப்போட டொமைன்லயே குடுக்குறதும் ஆபத்து. அதுக்கு எஸ்3 போங்க.

அப்புறம் பழைய டுடோரியல் பாத்து பண்றவங்க கவனிங்க: ஸ்டேடிக்ஃபைல்ஸ் ஸ்டோரேஜ்ங்கற தனி செட்டிங் ஜாங்கோ 5.1ல இல்ல, எடுத்துட்டாங்க. 4.2ல வந்த ஸ்டோரேஜஸ் டிக்ஷனரி உள்ளதான் இப்ப எழுதணும்.