சீட்டில் 42 சதவீதப் புரதம், மூட்டைக்குள் யூரியா

கறிக்கு வளர்க்கும் காளைக் கன்று, எருமைக் கடாக் கன்றுகளைத் தேற்றக் கடலைப் புண்ணாக்கு வாங்குபவர்கள் கவனிக்கவும். எங்களுக்கு 20 மூட்டை வந்தது. கூடவே ஆய்வுக்கூடச் சீட்டு: கச்சாப் புரதம் 42 சதவீதம். சீட்டு போலியில்லை. வில்லங்கமே அங்கேதான்.

ஆய்வுக்கூடத்தில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கித்தான் கச்சாப் புரதம் என்று போடுவார்கள். யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். பெருக்கினால் 287 சதவீதப் "புரதம்"! 100 கிலோவில் 4 கிலோ யூரியா கலந்தாலே 11.5 ஏறிவிடும். மீதி 30 சொச்சம்தான் நிஜம். கடலைத் தோலை அரைத்துச் சேர்த்துவிட்டு, குறைந்த புரதத்தை மானிய விலை யூரியாவால் நிரப்புகிறார்கள்.

காசு போனால் போகட்டும், மாடு செத்துவிடும். 200 கிலோ கன்றுக்கு ஒன்றரைக் கிலோ வைத்தால் 60 கிராம் யூரியா உள்ளே போகிறது. பழக்கமில்லாத மாட்டுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் போனாலே ஆபத்து. நாம் புண்ணாக்கை ராத்திரியே ஊறவைக்கிறோம். யூரியா தண்ணீரில் கரைந்து நிற்கும், மாடு அதை ஒரே மூச்சில் உறிஞ்சிவிடும். அரை மணி நேரத்தில் வயிறு உப்பும், நுரை தள்ளும், தசை துடிக்கும், தள்ளாடும். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். அவர் வருவதற்குள், மாடு நின்று விழுங்கும் நிலையில் இருந்தால் இரண்டு லிட்டர் வினிகரைக் குளிர்ந்த தண்ணீரில் கலந்து மெதுவாகப் புகட்டலாம்.

வீட்டுச் சோதனை: 10 கிராம் புண்ணாக்குத் தூளை அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி வடிகட்டவும். பச்சை சோயாபீன்ஸ் தூள் ஒரு ஸ்பூன் போட்டு கால் மணி நேரம் மூடி வைக்கவும். திறந்ததும் அம்மோனியா நெடி மூக்கைத் துளைத்தால் யூரியாதான். வறுத்த சோயாவும் மீல் மேக்கரும் உதவாது. யூரியாவை அம்மோனியாவாக்கும் சோயா நொதி சூட்டில் செத்திருக்கும். வடிகட்டிய சக்கையை நிறையத் தண்ணீரில் கரைத்தால், எடைக்காக மணல் கலந்திருந்தால் அது அடியில் தங்கும்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஐந்தாறு மூட்டைகளைப் பிரிக்காமலே நடுவிலிருந்து குத்தூசியால் எடுத்துக் கலந்து கொடுங்கள். கச்சாப் புரதத்தோடு யூரியா, மணல், அஃப்ளாடாக்சின் (பூஞ்சை நச்சு) மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

"புரதம் கூடினால் கறி கூடும்" என்ற பேச்சும் வியாபாரம்தான். கடைசி மூன்று மாதம் மொத்தத் தீவனத்தில் 12, 13 சதவீதப் புரதம் போதும். எடை ஏறுவது மக்காச்சோளத்தில். மிஞ்சிய புரதம் மூத்திரத்தில் போய், கொட்டகையில் கண் எரியும்.

பிரிக்காத 15 மூட்டையைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார். பிரித்த ஐந்துக்குக் காசு வரவில்லை. ஒரு மூட்டைக்கு மேல் பிரிக்காமல் சோதியுங்கள்.