லூஸில் விற்கிற '54% டார்க் சாக்லேட்': வாங்கும் முன் கவனியுங்கள்

வீட்டில் வாஃபிள், பிரவுனி செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேக்கிங் சாமான் கடைகளில் பெரிய கட்டியை உடைத்து, கண்ணாடிக் கவரில் போட்டு, கடை ஸ்டிக்கரை மட்டும் ஒட்டி விற்கிற டார்க் சாக்லேட்டை நம்பி வாங்காதீர்கள். மதுரையில் அப்படி ஒரு கடையில் கிலோ 980 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அது சாக்லேட்டே இல்லை.

ஸ்டிக்கரில் 'டார்க் கூவர்ச்சர் 54%' என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. கூவர்ச்சர் என்றால் கொக்கோ வெண்ணெய், அதாவது கொக்கோ விதையின் கொழுப்பு, நிறைந்த அசல் சரக்கு. 54% என்பது அதில் இருக்கிற கொக்கோவின் அளவு. கடைப் பையனும் "ஒரிஜினல்க்கா, ஹோட்டலுக்கெல்லாம் இதான் போகுது" என்றான்.

லீவுக்கு அண்ணன் பிள்ளைகள் வந்திருந்தார்கள். நான் செய்கிற வாஃபிளில் 200 கிராம் மைதாவுக்கு 120 கிராம் சாக்லேட்டை வெண்ணெயோடு உருக்கி மாவிலேயே கலந்துவிடுவேன். வெள்ளைக்கருவைத் தனியாக நுரைக்க அடித்து, கடைசியில் மெதுவாகச் சேர்ப்பேன். மேலே ஊற்ற, சூடான கிரீமில் அதே எடை சாக்லேட்டைக் கரைத்த சாஸ். ருசி முழுக்க அந்தச் சாக்லேட்டை நம்பித்தான் இருக்கிறது.

கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கும்போதே அது ஓடவில்லை, களிபோலத் திரண்டு நின்றது. வாஃபிளைத் தொட்டால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. சாஸ் சூடாக இருந்தவரை பளபளத்தது. தட்டில் ஆறியதும் மெழுகாக இறுகிவிட்டது. "அத்தை, வாய்க்குள்ள மேல ஒட்டுது" என்று சின்னவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டான்.

கொக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரியில் உருகும். உடம்புச் சூடு அதைவிடக் கூடுதல் என்பதால்தான் நல்ல சாக்லேட் நாக்கில் வைத்ததும் கரைகிறது. எனக்குக் கிடைத்தது காம்பவுண்டு, அதாவது சாக்லேட் மாதிரியே செய்த மலிவுச் சரக்கு. அதில் அந்த வெண்ணெய்க்குப் பதிலாக ஹைட்ரஜனேற்றிய, அதாவது வனஸ்பதி போல இறுக வைத்த தாவரக் கொழுப்பு, பெரும்பாலும் பாமாயில் மரத்தின் கொட்டை எண்ணெயிலிருந்து எடுத்தது, இருக்கும். கொக்கோ வெண்ணெய் அல்லாத தாவரக் கொழுப்பு 5 சதவீதத்தைத் தாண்டினால் நம் நாட்டு உணவு விதிப்படி அதைச் சாக்லேட் என்று விற்கவே கூடாது. காம்பவுண்டைக் குறை சொல்லவில்லை. அச்சில் ஊற்றி மிட்டாய் செய்ய நம் ஊர் வெயிலுக்கு அது தோதான பொருள். அதன் பெயரைச் சொல்லி, அதன் விலைக்கு விற்கட்டும். நான் கொடுத்த அளவு வராது.

மறுநாள் மீதியை எடுத்துக்கொண்டு போனேன். மே மாதம், ஏசி இல்லாத கடை, திறந்த ரேக். அசல் கூவர்ச்சர் அங்கே இருந்திருந்தால் குழைந்து உருமாறியிருக்கும். இவர்கள் கட்டிகளோ முனை மழுங்காமல் நின்றன. கம்பெனி அட்டைப்பெட்டியைக் காட்டச் சொல்லி வற்புறுத்தினேன். அதில் சர்க்கரை, அடுத்து ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு, அதற்கும் பிறகுதான் கொக்கோ. 54 என்ற எண் எங்கேயும் இல்லை. முதலாளியிடம் காட்டினேன்.

"எல்லாம் ஒண்ணுதாம்மா. பிரிச்ச சாமான திருப்பி எடுக்க மாட்டோம்."

கேட்டபோது பில் என்று கிடைத்ததும் துண்டுச் சீட்டுதான், 'சாக்லேட் 1 கி' என்று. ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைச்சல் சரிந்து, 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கொக்கோ டன் 12,000 டாலரைத் தாண்டியது. அசலின் விலை அப்படி ஏறும்போது இந்த மோசடியில் எவ்வளவு லாபம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகள் சாப்பிடுகிற பொருளில் இப்படிப் பொய் எழுதி ஒட்ட எப்படி மனம் வருகிறதோ!

கம்பெனி பிரிக்காத பாக்கெட்டாக மட்டும் கேளுங்கள். சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்ததற்கு என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும். கொக்கோ வெண்ணெய் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, தாவரக் கொழுப்பு எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், பேட்ச் எண், தேதி இல்லாத கவரைத் தொடவே வேண்டாம். ஏற்கெனவே வாங்கியிருந்தால் ஒரு துண்டை வாயில் போட்டுக் கடிக்காமல் வைத்திருங்கள். கரையாமல் வழுக்கிக்கொண்டே இருந்தால் காம்பவுண்டாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கவர், ஸ்டிக்கர், சீட்டு, அட்டைப்பெட்டியின் போட்டோ எல்லாவற்றையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும், மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையிலும் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.