சுடும் விளையாட்டா, உத்தி விளையாட்டா?

தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரி விடுதிகளில் கைபேசியில் எதை இறக்குவது என்று தயங்கும் மாணவர்களுக்காக, பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) போன்ற சுடும் விளையாட்டையும் கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் போன்ற உத்தி விளையாட்டையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

செலவு: இரண்டையும் இலவசமாகவே இறக்கலாம். உடை, துப்பாக்கி வண்ணம் என்று முதலாவது பணம் கேட்கிறது. கட்டடங்கள் எழும் வரையான காத்திருப்பைக் குறைக்க இரண்டாவது கேட்கிறது.

கற்றல்: சுடும் விளையாட்டின் பெருவெற்றிக்கு எளிதில் கற்க முடிவதே முதற்காரணம் என்பேன். குறிவைத்துச் சுட்ட நொடியிலேயே பலன் கண்ணுக்குத் தெரிவதால், விதிகளை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1993இல் வெளிவந்த டூம் என்ற கணினிச் சுடும் விளையாட்டு, பலர் இணைந்து மோதும் வசதியையும் சேர்த்து இந்த ஈர்ப்பை வலுவாக்கியது. பிஜிஎம்ஐயின் வழக்கமான ஆட்டத்தில் 100 பேர் வெறுங்கையோடு தொடங்குகிறார்கள். ஆகவே நேற்று சேர்ந்தவருக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. உத்தி விளையாட்டிலோ ஆட்டத்துக்குள் பல மாதம் கட்டிய ஊரே பலம். புதியவர் நெடுநாள் பின்தங்கியே இருப்பார்.

நேரம்: சுடும் ஆட்டம் ஏறத்தாழ அரைமணி நேரம் முழுக் கவனத்தைக் கேட்கும், கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் ஒரு தாக்குதல் 3 நிமிடத்தில் முடிந்துவிடும்.

இணையம்: சிக்னல் தடுமாறினால் சுடும் ஆட்டத்தில் தோல்வி உறுதி. சித்தேரி, அஞ்செட்டி போன்ற மலைப்பகுதிகளில் இருப்பவர்கள் இதை முதலில் எண்ண வேண்டும்.

நண்பர்கள் நால்வர் ஒரே நேரத்தில் கூட முடியுமானால் சுடும் விளையாட்டே பொருந்தும். வேலைக்கிடையே சிறிது சிறிதாக ஆடுபவருக்கு உத்தி விளையாட்டையே பரிந்துரைக்கிறேன்.