அப்பா காட்டுவது டிவியை, எரிவது டியூப்லைட்: கை காட்டும் பெட்டியோடு 14 மாதம்

கீழக்கரை நண்பர் நேற்று போனில் கேட்டார். "கை நீட்டினா டிவி, லைட்டைப் போடுற அந்தப் பெட்டி விலை இறங்கியிருக்காமே, வாப்பாவுக்கு ஒண்ணு வாங்கி மாட்டலாமா?" போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பெட்டி செய்யும் வேலை இதுதான். தூரம் அளக்கும் கேமரா நம் கையைப் பார்க்கும். எதை நோக்கி விரலை நீட்டுகிறோமோ அது ஓடும், இல்லை நிற்கும். பாம்பனில் எங்கள் வீட்டில் மாட்டி 14 மாதம். பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு அப்பாவுக்கு மிஞ்சியது இடது கை ஒன்றுதான். அதற்காகவே வாங்கினேன்.

முதல் வாரத்திலிருந்து இன்றுவரை ஒரே தொல்லை. அப்பா டிவியைக் காட்டுவார். அதற்கு மேலே இருக்கும் டியூப்லைட் எரியும்.

கை நடுக்கம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஒருநாள் அவர் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து, அவர் தலையோடு தலை வைத்துப் பார்த்தேன். ஒரு கண்ணை இடுக்கியிருந்தார். விரல் நுனி டிவியின் நடுவில், அசையாமல், அச்சாக உட்கார்ந்திருந்தது. கடலில் இருந்த காலத்தில் ஒரு பக்கம் ராமேஸ்வரம் டிவி கோபுரம், இன்னொரு பக்கம் பாம்பன் கலங்கரை விளக்கம் என்று விரலால் பிடித்துத்தான் வலை போட்ட இடத்தைத் திரும்பக் கண்டுபிடிப்பார். அந்தக் கண், அந்த விரல்தான் இப்போதும்.

பெட்டிக்குக் கண் கணக்கில்லை. தோளிலிருந்து விரலுக்குக் கோடு போட்டு, அதை அப்படியே நீட்டுகிறது. அளந்து பார்த்தேன்: தோளைவிடக் கண் 25 சென்டிமீட்டர் உயரம், கை நீளம் 65. கண் மட்டத்தில், 3 மீட்டர் தள்ளி இருக்கும் டிவியைக் காட்டினால், பெட்டி போடும் கோடு ஏறக்குறைய 100 சென்டிமீட்டர் மேலே போய் முட்டும். சரியாக டியூப்லைட் இருக்கும் இடம்.

மனுஷருக்கும் இந்தப் பிசகு உண்டு. ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஹெர்போர்ட், குண்டே இருவரும் 2016-ல் இதை எழுதியிருக்கிறார்கள். காட்டுகிறவர் கண்ணையும் விரல் நுனியையும் பொருளோடு ஒரே கோட்டில் வைக்கிறார். பார்க்கிறவரோ கை போகும் திசையை நீட்டிப் பார்த்து, இன்னும் மேலே எதையோ காட்டுவதாக எடுத்துக்கொள்கிறார். ஆனால் நாம் "டிவியா?" என்று கேட்போம். அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1980-லேயே ரிச்சர்ட் போல்ட் விரலையும் பேச்சையும் சேர்த்துத்தான் கணினிக்குப் புரியவைத்தார். இந்தப் பெட்டியும் குரலைச் சேர்த்துக் கேட்கும். அப்பாவிடம் குரல் இல்லையே.

அவர் கையை வைத்தே பெட்டியைத் திரும்பப் பழக்கினேன். ஒரு மாதம் நன்றாக ஓடியது. கோடைக்கு நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்தினோம், மறுபடியும் டியூப்லைட்.

உப்புக்காற்றில் ஒயர் முனை பச்சைக் களிம்பு பிடித்து ஒருமுறை நின்றுபோனது. ராமநாதபுரத்தில் கொடுத்து சுத்தம் செய்து வாங்கினேன். அது பெரிய குறை இல்லை, இந்த ஊரில் எது துருப்பிடிக்கவில்லை?

நல்லதையும் சொல்ல வேண்டும். மின்விசிறி வேறு சுவரில் தனியாக இருக்கிறது, பக்கத்தில் குழப்ப எதுவும் இல்லை. போன வாரம் நடுராத்திரி புழுக்கத்தில் விழித்தேன். இருட்டில் அப்பாவின் கை எழுந்தது, மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது, கை இறங்கியது. யாரையும் எழுப்பாமல், யாரையும் எதிர்பார்க்காமல் அவராகச் செய்துகொண்டார். நான் வெகுநேரம் தூங்கவில்லை. அந்த ஒரு ராத்திரிக்கே கொடுத்த காசு தகும்.

ஆனால் இன்று காலை, காற்று எச்சரிக்கை கேட்க டிவியைக் காட்டினார். டியூப்லைட் எரிந்தது. இன்னொரு தடவை காட்டினார், அணைந்தது. மூன்றாவது தடவை கையைத் தூக்கவே இல்லை. மடியில் வைத்துக்கொண்டு நான் வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாங்காதீர்கள் பாய். எங்கள் வீட்டுப் பெட்டியை நான் கழற்றப் போவதில்லை. அது வேறு விஷயம்.